அப்படி ஒருவரும் இங்கே இல்லை

றீற்றாவைப் போன வாரம் தொலைபேசியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவள் இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறாள்.

ஊரில் சோதிலிங்கம் குடும்பத்துக்கு அயல்வீட்டுக்காரியாக இருந்து, இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அவளுக்கு வியாழக்கிழமை ஓர் அழைப்பு வந்தது. எடுத்தால் இயந்திரக் குரல். ஆங்கிலத்தில் கடகடவென்று எதையோ ஒப்புவித்துவிட்டு "ஹார்லோ கவுண்டி ஜெயில்" என்றது. அமெரிக்காவில் எங்கோ இருக்கும் சிறைச்சாலை. நடுவில் ஓர் ஆண்குரல் தமிழில், "றீற்றா, நான் நாதன்" என்றது. பிறகு மறுபடியும் இயந்திரம். அழைப்புக்கான காசை நீங்கள் கட்டச் சம்மதமென்றால் இன்ன எண்ணை அழுத்துங்கள் என்று அது கேட்டிருக்கிறது. பதறிப்போன றீற்றா விரலில் அகப்பட்ட எண்ணை அழுத்த, தொடர்பு அறுந்துபோனது.

"நாதன்ரை குரல் மாதிரித்தான் கிடந்தது. ஆனா உலகத்திலை எத்தினை நாதன் இருக்கினம்?" என்று பேர்லினுக்கு, சோதிலிங்கத்தின் வீட்டுக்குப் போன் எடுத்து அவள் விம்மியதோடு போன அத்தியாயம் முடிந்தது.

நாதன் என்றால் கதிர்காமநாதன். நம்முடைய சோதிலிங்கத்தின் ஒரே தம்பி. ஐந்து வருடங்களுக்கு முன், அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி, நாட்டை விட்டுப் போ என்று ஜேர்மன்காரர் நாள் குறித்துவிட்டதால், ஆட்களைக் கள்ளமாய் அனுப்பும் ஏஜென்சிக்காரனைப் பிடித்துக் கனடாவுக்கு வெளிக்கிட்டவன். மெக்சிக்கோவிலிருந்து ஒரு தரம் பேசினான். அதோடு சரி.

அவன் போகுமுன் கலியாணம் நிச்சயம் பண்ணி மோதிரம் போட்டுவிட்டுப் போன வசுந்தரா, சோதிலிங்கத்தின் மனைவி பாலாம்பிகைக்குத் தங்கை. பேர்லினில், நொய்கெல்னில், அக்காவின் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஒரு டொக்டரிடம் உதவியாளராக வேலை செய்துகொண்டு, ஐந்து வருடமாய்க் காத்திருக்கிறாள். காத்திருந்து முடித்த பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஸ்ருட்காட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். மனைவியை நோயில் இழந்தவர். சத்தம் போடாமல் பேசுகிறவர். தேடித் தேடிப் பார்த்தும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதுவே வசுந்தராவுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

* * *

குசினியில் பாலாம்பிகை றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகை வாசலைத் தாண்டி, மாடிப்படி இறங்கி, கீழ் வீட்டு ஜேர்மன் கிழவியின் மூக்கு வரைக்கும் போயிருக்கும்.

"அக்கா, நான் ஒருக்கா புஸ்பவதி அக்கான்ரை கடைக்குப் போட்டு வாறன்."

"இப்பவோ? அவை லைப்சிக்கைத் தாண்டிட்டினமாம். நீ இன்னும் தலைகூட இழுக்கேல்லை."

"எங்கடை டொக்டரின்ரை மனுசி அமெரிக்கக்காரி எல்லோ. அங்கை ஜெயிலுகளிலை, மறியலிலை இருக்கிறவையின்ரை பேரெல்லாம் கொம்பியூட்டரிலை கிடக்குமாம். படத்தோடை. எந்தக் கவுண்டி, எந்த மாவட்டம் எண்டு தெரிஞ்சால் ஆரும் பாக்கலாமாம்."

பாலாம்பிகை கரண்டியோடு திரும்பினாள். "படத்தோடையோ? இஞ்சை பக்கத்து வீட்டுக்காரன்ரை பேரைக் கேட்டாலே சட்டம் கதைக்கிறாங்கள்!"

"அது அவையின்ரை வழக்கம். எனக்கு நல்லதாப் போச்சு."

"சரி. பேர் இல்லையெண்டால்?"

"இல்லையெண்டால் வந்து சீலை உடுத்துறன். ஸ்ருட்காட்காரர் கேட்டால் ஓம் எண்டு சொல்லுறன். பேந்து அந்தக் கதையே எடுக்கமாட்டன்."

"இருந்தால்?"

வசுந்தரா கோட்டை மாட்டினாள்.

"இஞ்சருங்கோ," என்று பாலாம்பிகை புருசனைக் கூப்பிட்டாள். "நீங்களும் கூடப் போங்கோ. தனிய இருந்து பாத்து அழுதாளெண்டால் முகம் வீங்கிப் போம்."

சோதிலிங்கம் ஏற்கனவே துடைத்து முடித்த சப்பாத்தை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையிலிருந்து இந்த மனிதர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தம்பியை நினைத்து உருகுகிறார் என்று பாலாம்பிகை நினைத்தாள். பாதி சரி.

கதவின் பின்னால் அவருடைய வெள்ளைச் சேட் இஸ்திரி போட்டு மினுக்கித் தொங்கியது. அது இன்றைக்கு இல்லை, செவ்வாய்க்கிழமைக்கு. செவ்வாய்க்கிழமை அவருக்கு டெர்மின், அரச அலுவலகத்தில் வரச்சொல்லிக் குறித்துக் கொடுத்த நாள். பதினெட்டு வருடம் இந்த நாட்டில் பாத்திரம் கழுவி, வெங்காயம் வெட்டி, தலைமைச் சமையல்காரராக உயர்ந்ததற்குப் பிறகு, அன்றைக்குத்தான் ஜேர்மன் பிரசாவுரிமைப் பத்திரம் கையில் கிடைக்கப்போகிறது. அகதிப் பாஸ்போர்ட்டோடு ஊருக்குப் போக முடியாது. ஜேர்மன் பாஸ்போர்ட்டோடு போகலாம். இப்போது அங்கே சண்டையும் நின்றிருக்கிறது. எண்பது வயது அப்பு, அவருடைய தகப்பன், யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் அவர் கேட்பது இரண்டே கேள்வி. எப்ப வாறாய்? தம்பி எங்கை?

* * *

புஸ்பவதியின் கடை கார்ல் மார்க்ஸ் தெருவில் இருந்தது. நடந்தே போனார்கள். நவம்பர் மாதத்துக் குளிர். சோதிலிங்கம் எப்போதும்போல மூலைக்கடைக்கு முன்னால் ஒரு கணம் நின்றார்.

முன்பு அது பழைய உடுப்புக் கடை. நாதன் போலந்துக்குள்ளால் வந்து சேர்ந்த அந்த முதல் மார்கழியில், இருவருமாய்ச் சேர்ந்து இங்கேதான் ஒரு மண்ணிறக் கோட் வாங்கினார்கள். ஒன்றுதான் வாங்க முடிந்தது. பகலில் நாதன் மொழி வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போவான். பின்னேரம் ஹேர்மான்பிளாற்ஸ் ரயில் மேடையில் அண்ணன் காத்துக்கொண்டு நிற்க, ரயிலால் இறங்கிக் கழற்றிக் கொடுப்பான். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு உணவகத்துக்குப் போவார். தம்பி மெல்லிய சேட்டோடு வீட்டுக்கு ஓடுவான்.

"சூடாக்கித் தாறன் அண்ணை, வாடகை தாருங்கோ," என்பான் ஒவ்வொரு நாளும். மேடையில் நிற்கிற ஜேர்மன்காரர் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரிப்பான். அந்த மாதிரி ஒரு குளிரும் அந்த மாதிரி ஒரு சந்தோசமும் சோதிலிங்கத்துக்குப் பிறகு வாய்க்கவில்லை. இன்றைக்கு அவரிடம் மூன்று கோட்டுகள் இருக்கின்றன.

"அத்தான், வாங்கோ," என்றாள் வசுந்தரா.

* * *

ஞாயிற்றுக்கிழமையென்றால் புஸ்பவதியின் கடையில் போன் பெட்டிகள் நிரம்பி வழியும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒருவர் கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோலக் கத்திக்கொண்டிருப்பார். கடலைப் பருப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் பின்னால், சுவரோரம் மூன்று கொம்பியூட்டர்கள்.

"மாப்பிள்ளை வாற நாளிலை இஞ்சை என்ன வேலை?" என்று புஸ்பவதி ஆரம்பித்தவள், இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசிக் கொம்பியூட்டரைக் கையால் காட்டினாள். வாயாடிதான், ஆனால் எப்போது வாயை மூட வேண்டுமென்று தெரிந்த வாயாடி.

வசுந்தரா, டொக்டரின் மனைவி சொல்லிக்கொடுத்தபடியே தட்டினாள். ஹார்லோ கவுண்டியின் பக்கம் வந்தது. நட்சத்திரம் பதித்த சின்னம். அதன் கீழ் கைதியைத் தேடுக என்று ஒரு பெட்டி. குடும்பப்பெயர், முதற்பெயர். அவ்வளவுதான் கேட்டது. நீ யார், ஏன் தேடுகிறாய், அவனுக்கு நீ என்ன முறை என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை.

கதிர்காமநாதன் என்று அடித்தாள்.

பதிவு எதுவும் இல்லை.

அப்புவின் பெயரைக் குடும்பப்பெயராகப் போட்டு அடித்தாள். பெயரை முன்பின்னாக மாற்றி அடித்தாள். நாதன் என்று மட்டும் அடித்துப் பார்த்தாள். நம் ஆட்களின் பெயரை வெள்ளைக்காரன் எத்தனை விதமாகக் கொலை செய்வான் என்று அவளுக்கு டொக்டரின் வரவேற்பு மேசையில் நல்ல பழக்கம். அத்தனை விதமாகவும் அடித்தாள்.

பதிவு எதுவும் இல்லை.

சோதிலிங்கம் அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வசனம் அவருக்குப் புதிதல்ல.

அப்போது ஊரில் அவருக்கு இருபத்துநான்கு வயது. நாதனுக்குப் பத்தொன்பது. ரியூசன் முடிந்து வந்த பெடியனை ஆமிக்காரர் வழியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புவும் அவரும் ஒவ்வொரு காலையும் முகாம் வாசலில் போய் நிற்பார்கள். வாசலில் நின்ற சிப்பாய்க்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். "அப்பிடி ஆள் இங்க இல்ல." அடுத்த நாளும் அதேதான். அப்பு இருமிவிட்டு, மரத்தடியில் போய்க் குந்துவார். வெயில் ஏறினால் வீட்டுக்கு வருவார்கள்.

மூன்றாம் மாதம் நாதனை விட்டார்கள். வந்தவனுக்கு இடது காது கேட்கவில்லை. முதல் இரவு சோறு தின்றுகொண்டே சொன்னான். "அப்புவின்ரை இருமல் எனக்கு ஒவ்வொரு நாளும் கேட்டது அண்ணை. வலது காதாலை. நீங்கள் வந்திட்டியள் எண்டு தெரியும். நான் இருக்கிறன் எண்டு உங்களுக்குச் சொல்லத்தான் வழியில்லாமல் கிடந்தது."

"இல்லை அத்தான்," என்றாள் வசுந்தரா.

அவள் அழவில்லை. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு, கைப்பையைத் தேடி எடுத்தாள். "றீற்றா அக்காவுக்கு வேறை ஏதோ கேட்டிருக்கு. எனக்கும் ஆசையிலை விசர் பிடிச்சிட்டுது. அவர் அங்கை இல்லை. எங்கையும் இல்லை. வாங்கோ, வீட்டை போவம். அக்கா பாவம், தனியச் சமைக்கிறா."

வீட்டுக்குப் போனால் அவள் சேலை உடுத்துவாள். ஓம் என்று சொல்லுவாள். செவ்வாய்க்கிழமை சோதிலிங்கம் மினுக்கிய சேட்டோடு போய்ப் பத்திரம் வாங்குவார். மார்கழியில் ஊருக்குப் போவார். எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

ஏனென்றால், வாசகர்களே, நாதன் நாதனாகப் போகவில்லை.

ஐந்து வருடங்களுக்கு முன் சோதிலிங்கத்தின் அகதிப் பாஸ்போர்ட் பாதாள ரயிலில் தொலைந்துபோன கதை உங்களுக்கு நினைவிருக்கும். பாலாம்பிகை பொலிசில் போய்க் கூட நின்று அழுததும், கிடைக்க வேண்டுமென்று முருகனுக்குத் தேங்காய் உடைத்ததும் நினைவிருக்கும். அது தொலையவே இல்லை. உணவகத்தின் நிலக்கீழ் அறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், அண்ணன் தன் கையாலேயே தம்பிக்குக் கொடுத்தது. முகம் அவ்வளவாகப் பொருந்தவில்லை. மீசையை அண்ணனைப் போல வெட்டி, தலையை அண்ணனைப் போலச் சீவி இழுத்துவிட்டு, விமான நிலையத்தில் கேட்டால் தடுமாறக்கூடாதென்று பாடமும் நடத்தினார்.

"உன்ரை பேர்?"

"சோதிலிங்கம்."

"பிறந்த இடம்?"

"அது எனக்கும் உங்களுக்கும் ஒண்டுதானே."

"விளையாடாதை. மனுசியின்ரை பேர்?"

நாதன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "அண்ணியின்ரை பேரை எப்பிடி அண்ணை சொல்லுறது? வாய் வருகுதில்லை."

"அதிகாரி கேட்டால் அண்ணி எண்டு சொல்லுவியோ, மடையா!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கொஞ்சம் வெங்காயத்தாலும் வந்தது. அதற்குப் பிறகு அண்ணன் ஒன்று சொன்னார். அந்த ஒன்றுதான் ஐந்து வருடமாய் அவர் தொண்டையில் நிற்கிறது.

* * *

"எழும்பு வசு," என்றார் சோதிலிங்கம். "நான் ஒருக்கா இருக்கிறன்."

"என்னத்துக்கு? எல்லா மாதிரியும் அடிச்சுப் பாத்திட்டன்."

அவர் உட்கார்ந்தார். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

"அத்தான், என்ன செய்யிறியள்? இது உங்கடை பேர்."

"ஓம்."

"அத்தான்!"

அவர் பொத்தானை அழுத்தினார்.

இந்த முறை கொம்பியூட்டர் இல்லை என்று சொல்லவில்லை. பெயர் வந்தது. பிறந்த திகதி வந்தது, சோதிலிங்கத்தின் பிறந்த திகதிதான். உள்ளே கொண்டுவரப்பட்ட நாள், போன திங்கட்கிழமை. காரணம், குடிவரவுத் தடுப்பு. படம் மட்டும் மெல்ல மெல்லத்தான் இறங்கியது, புஸ்பவதியின் இணைப்பு அவ்வளவுக்குத்தான். முதலில் நரைத்த தலைமயிர். பிறகு நெற்றி. பிறகு கண்.

வசுந்தரா வாயைப் பொத்தினாள். "இது நீங்கள் எல்லோ..."

அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு மீசை வெட்டியும் தலை இழுத்தும் வராத சாயலை ஐந்து வருடம் வரவழைத்திருந்தது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, அண்ணனே போய் மறியலில் நின்று படம் பிடித்துக்கொண்ட மாதிரி.

படம் முழுதாய் இறங்கியது. முகம் நேராக இல்லை. இடதுபுறமாகச் சற்றே திரும்பி, வலது காதை முன்னுக்குக் கொடுத்திருந்தது.

மோதிரம் போட்ட நாளில் எடுத்த படத்திலும் அதே திருப்பல்தான். அன்றைக்கும் படப்பிடிப்பாளர் நேரே பாருங்கோ என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

"படம் எடுக்கிறவன் என்னவோ சொல்லியிருக்கிறான்," என்றாள் வசுந்தரா மெதுவாக. "அதைக் கேக்கிறார்."

அப்போதுதான் அவள் அழுதாள். போன் பெட்டிகளில் கத்திக்கொண்டிருந்தவர்களுக்குக்கூட அது கேட்டிருக்கும்.

சோதிலிங்கம் சொன்னார். பாஸ்போர்ட், வெங்காய அறை, பாடம், பொலிசில் சொன்ன பொய், எல்லாவற்றையும் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே. அக்காவுக்கெண்டாலும்."

"தெரிஞ்சவைக்கும் பிழை வரும் எண்டு பயந்தன்."

"சரி, அவர் ஏன் ஐஞ்சு வருசமா ஒரு போன் எடுக்கேல்லை? என்னிலை என்ன கோபம்?"

சோதிலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன்னிலை கோபமில்லை. நான்தான் சொன்னனான். என்ரை பேரோடை இருக்கும் வரைக்கும் எங்கடை வீட்டுக்குப் போன் எடுக்காதை, ஒரு சோதிலிங்கம் இன்னொரு சோதிலிங்கத்தோடை கதைச்சால் ரெண்டு பேரும் அகப்படுவம் எண்டு. மெக்சிக்கோவிலை இருந்து எடுத்ததுக்கும் ஏசினனான். நான் சொன்னதை அவன் ஒரு நாளும் மீறினதில்லை. அதுதான் இப்பவும் றீற்றாவுக்கு எடுத்திருக்கிறான். நான் அவன் செத்துப்போனான் எண்டு நினைச்சன், வசு. நினைச்சுத்தான் ஸ்ருட்காட் கதையை நானே தொடங்கினன்."

வசுந்தரா கைப்பையைத் திரும்ப மேசையில் வைத்தாள். ஏசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு டெர்மின்," என்றாள்.

"ஓம்."

"இதைச் சொன்னால் தருவினமோ?"

"தரமாட்டினம். இருக்கிறதையும் பறிப்பினமோ தெரியாது."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி அவனைத் தேடி ஆரும் போகேலாது. அங்கை இருக்கிறது சோதிலிங்கம். சோதிலிங்கம் பேர்லினிலை வீட்டிலை சுகமா இருக்கிறார். நாதன் எண்டு கேட்டால், அப்பிடி ஆள் இங்க இல்லை எண்டுதான் சொல்லுவாங்கள். இந்த முறை அதைச் சொல்ல வைச்சது ஆமிக்காரன் இல்லை, நான்." அவர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். "செவ்வாய்க்கிழமை போவன். ஆனா பத்திரம் வாங்கப் போகேல்லை. நடந்ததைச் சொல்லப் போறன். அப்பு மூண்டு மாதம் வாசலிலை நிண்டவர். நான் ஒரு நாளைக்கெண்டாலும் நிக்க வேணாமோ?"

வசுந்தராவின் ஹாண்டி போன் அடித்தது. ஸ்ருட்காட் மாப்பிள்ளையே எடுத்திருந்தார்.

"நாங்கள் பொட்ஸ்டாமுக்குக் கிட்ட வந்திட்டம்," என்றது அந்தச் சத்தம் போடாத குரல். "வெறுங்கையோடை வரக்கூடாது எண்டு என்ரை அக்கா சொல்லுறா. உங்களுக்கு என்ன பழம் பிடிக்கும்?"

வசுந்தரா கண்ணைத் துடைத்தாள். திரையில் தலையைத் திருப்பிக் காது கொடுத்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"வாங்கோ. அக்கா சமைச்சு வைச்சிருக்கிறா, கட்டாயம் சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும். ஆனா நீங்கள் ஆசையோடை வரக்கூடாது, அதுக்காண்டி இப்பவே சொல்லுறன். எனக்கு மோதிரம் போட்டவர் மறியலிலை இருக்கிறார்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இருக்கிறார். உயிரோடை இருக்கிறார்."

அந்தப் பக்கம் நெடுஞ்சாலையின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்த நல்ல மனிதர், "சந்தோசம், பிள்ளை," என்றார். என்னத்தைச் சொல்ல, குறையே சொல்ல முடியாத மனிதர்தான்.

போனை வைத்ததும் கடைக் கதவில் தொங்கிய மணி கிணுகிணுத்தது. குடையை மடக்கிக்கொண்டு, மாக்கையைக்கூடக் கழுவாமல், பாலாம்பிகை உள்ளே வந்தாள்.

"எவ்வளவு நேரமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்! கிடைச்சுதோ, இல்லையோ?"

வசுந்தரா அத்தானைப் பார்த்தாள். அத்தான் தரையைப் பார்த்தார். பாலாம்பிகை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தாள். படத்தைப் பார்க்கவில்லை. பெயரைத்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.